சவுல் எறிந்த ஈட்டி

மலையடிவாரத்து ஆசிரமத்தில் நிர்வாகியாக இருந்தவர் முழங்கால் வலி தாங்காமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்தவர் யார் என்று முடிவு செய்யச் சீட்டுப் போட்டார்கள். சீடர்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, குரு அருமைநாயகம் ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார்.

“சவரிராயன்.”

சவரிராயனைக் காணவில்லை.

தேடினார்கள். கிணற்றடியில் இல்லை. மாட்டுக் கொட்டிலில் இல்லை. கடைசியில் யாரோ கூடத்தை ஒட்டிய சாமான் அறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

“எனக்கு வேண்டாம்! நான் தகுதியற்றவன்!” என்று மூட்டைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

சீடர்கள் நெகிழ்ந்துபோனார்கள். “என்ன தாழ்மை பாருங்கள்!” என்றார் ஒருவர். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குரு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“ஒளிந்துகொள்ள மலை இருக்கிறது, பனங்காடு இருக்கிறது. இங்கே ஏன் வந்தாய் சவரி?”

“அவசரத்தில் வந்துவிட்டேன் ஐயா.”

“நல்ல இடம்தான். கூடத்தில் பெயர் வாசித்தால் இங்கே தெளிவாகக் கேட்கும்.”

பாதங்கள் மெல்ல உள்ளே போயின.

ஆளை வெளியே இழுத்து, தவிட்டைத் தட்டிவிட்டு, சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார்கள்.

சவரிராயன் நல்ல நிர்வாகியாகத்தான் இருந்தார். ஒழுகிய கூரையை மாற்றினார். கிணற்றைத் தூர்வாரினார். பசியென்று வந்தவர்களுக்கு வேளைக்குக் கஞ்சி கிடைத்தது. பேச்சு மட்டும் கொஞ்சம் மாறியது. முன்பு “நம் ஆசிரமம்” என்பார். இப்போது “என் காலத்தில்” என்று ஆரம்பித்தார்.

மழைக்காலத்தில் யாகப்பன் வந்து சேர்ந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசினால் காது அடைக்கும். பாடினால் தேன். மாலைச் செபத்தில் அவர் பாடுகிறார் என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு நாள் கூடையோடு வந்த ஒரு பெண் வாசலில் நின்ற சவரிராயனிடமே கேட்டாள்.

“ஐயா, பாட்டுக்காரர் ஆசிரமம் இதுதானே?”

மறுநாள் காலையில் யாகப்பனின் தகரப்பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. சவரிராயன் குருவிடம் வந்தார்.

“யாகப்பனை அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன். ஐயா சம்மதம் தர வேண்டும்.”

“என்ன தவறு செய்தார்?”

“தோசைக்கு மறுபடியும் மறுபடியும் சட்னி கேட்கிறார்.”

“சட்னி அவ்வளவு நன்றாகவா இருந்தது?”

“அதை விடுங்கள் ஐயா. பெரிய குற்றம் வேறு இருக்கிறது.” சவரிராயன் குரலைத் தாழ்த்தினார். “பொறுப்புக்கு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. படுத்தால் கூரை, கிணறு, கஞ்சி என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. செப நேரத்தில் அந்த மனிதர் வாயைத் திறந்தால் போதும், அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிடுகிறேன். ஆண்டவர் சந்நிதியில் நிர்வாகி குறட்டை விடலாமா? நீங்களே சொல்லுங்கள்.”

“விடக் கூடாதுதான்,” என்றார் குரு. “உட்கார். சவுல் ராஜாவைத் தெரியுமா?”

“தெரியாமல் என்ன ஐயா? இஸ்ரயேலின் முதல் அரசர்.”

“அப்பாவின் கழுதைகள் காணாமல் போயின. அவற்றைத் தேடிப் போன இடத்தில் அவருக்கு ராஜ்யம் கிடைத்தது. ஊரே கூடி ராஜா என்று கூப்பிட்டபோது ஆளைக் காணோம். பயண மூட்டைகளுக்குள் ஒளிந்திருந்தார்.”

சவரிராயன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தாழ்மை ஐயா.”

“இருக்கலாம். ஆனால் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமானவர். மூட்டைக்குள் எவ்வளவு நேரம் ஒளிவது? இழுத்து வந்தார்கள். நன்றாகத்தான் ஆண்டார். போர்களில் ஜெயித்தார். பிறகு தாவீது வந்தான். பெண்கள் தெருவில் இறங்கி, சவுலை ஒரு பங்கு புகழ்ந்தால் தாவீதைப் பத்துப் பங்கு புகழ்ந்து பாடினார்கள்.”

“ராஜா உயிரோடு இருக்கும்போதேவா? அது தப்பில்லையா ஐயா?”

“தப்போ சரியோ, சவுலின் காதில் விழுந்துவிட்டது. அவருக்கு ஏற்கெனவே மனக்கலக்கம். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது. தாவீது யாழ் மீட்டினால்தான் கொஞ்சம் ஆறும். ஒரு நாள் அவன் மீட்டிக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டிருந்த ராஜா ஈட்டியை எடுத்து அவன் மேல் எறிந்தார்.”

“ஐயையோ!” சவரிராயன் பதறிவிட்டார். “தன் மருந்தின் மேலேயா எறிந்தார்?”

குரு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

வெளியே யாகப்பன் எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டிருந்தார். வழியனுப்ப வந்தவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள் போலிருக்கிறது. “உள்ளே போங்க, உள்ளே போங்க! படியில நிக்காதீங்க!” என்று அவர் குரல் மலையில் மோதித் திரும்பியது.

சவரிராயன் எழுந்து ஜன்னலருகே போனார். தொண்டையைச் செருமினார்.

“யாகப்பன், பெட்டியை எடுத்து உள்ளே வையுங்கள்.”

“ஏன், பஸ் வராதா?”

“வராது,” என்றார் சவரிராயன். “இனிமேல் வராது.”

வந்து உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“அந்த ஈட்டி என்ன ஆயிற்று ஐயா?”

“குறி தப்பிச் சுவரில் குத்திக்கொண்டு நின்றது. தாவீது ஓடிவிட்டான்.”

“நல்ல வேளை. தாவீது பிழைத்தார்.”

“பிழைத்தான்,” என்றார் குரு. “அன்று ராத்திரி சவுல் எப்படித் தூங்கினாரோ!”