காற்றோட்டமுள்ள பொந்து

இருவாச்சிப் பறவை மஞ்சமூக்கனுக்கு இரண்டு மலை தாண்டி வேறு காட்டில் வேலை கிடைத்தது. அந்தக் காட்டில் ஒரு சரிவு முழுக்கத் தீப்பிடித்து மொட்டையாகக் கிடந்தது. அங்கே மறுபடி மரம் முளைக்க, பழம் தின்று கொட்டையைத் துப்பிக்கொண்டே பறக்க ஆள் வேண்டும் என்று அங்கிருந்த யானை சொல்லி அனுப்பியிருந்தது. பழமும் தின்னலாம், பேரும் வாங்கலாம்! யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு வேலை? மஞ்சமூக்கன் தன் மனைவி குறிஞ்சாளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வேலை தயார். வீடுதான் இல்லை. அதிலும் குறிஞ்சாள் முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது.

இருவாச்சிக் குடும்பத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துவிடும். மூக்கு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் விடும். அதன் வழியாகப் புருஷன் பழம் ஊட்டுவான். உள்ளே அவளுக்கு இறக்கையின் இறகெல்லாம் உதிர்ந்துவிடும். மறுபடி முளைக்கும்வரை பறக்க முடியாது. ஆகவே, பொந்து தப்பான பொந்தாக இருந்தால் அவ்வளவுதான். தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு!

முதலில் இருவரும் அத்திமரத் தெருவுக்குப் போனார்கள். கிளையில் இறங்கியதுதான் தாமதம், சடைச்சி என்ற கருமந்தி தாவி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"வாங்க, வாங்க! எந்தக் காடு? பொண்ணு முழுகாம இருக்கா போல! எத்தனை முட்டை? கூடமாட இருக்க மாமியார் வரலையா?"

அதற்குள் நாலு அணில்களும் ஒரு மைனாக் கூட்டமும் சேர்ந்துகொண்டன. "மூக்கு மேல மூக்கு வச்சிருக்காரே, பாரம் இல்லையா?" என்று மஞ்சமூக்கனின் இரட்டை அலகைப் பார்த்துக் கேட்டது ஒரு அணில். ஒரே சிரிப்பு. ஒரே கூச்சல்.

மஞ்சமூக்கனுக்கு முகம் சுருங்கிப் போனது. "இது தெருவா, சந்தையா? இங்கே இருந்தா முட்டை பொரியறதுக்குள்ள நமக்கு மண்டை பொரிஞ்சிடும். கிளம்பு, குறிஞ்சா!"

"நல்ல பொந்தா இருக்குதேங்க..." என்றாள் குறிஞ்சாள்.

"பொந்து நல்லா இருந்து என்ன பண்ண? அக்கம்பக்கத்து வாய் நல்லா இல்லையே!"

தெரு முனையில் அவர்களை ஒரு வால்காக்கை மடக்கியது. பெயர் வாலாயுதம். தொழில் வீட்டுத் தரகு. வாலை ஆட்டி ஆட்டிப் பேசுவான்.

"அண்ணே! பேச்சைக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு, நீங்க நம்ம பக்கம்! எங்க அம்மா வழி மொத்தமும் உங்க மலைதான். உங்களுக்குன்னே ஒரு பொந்து வச்சிருக்கேன். வாடகை தினம் ஒரு வாய்ப் பழம். வாங்க!"

வேற்றுக் காட்டில் 'நம்ம பக்கம்' என்று ஒரு குரல் கேட்டால் யாருக்குத்தான் மனசு இளகாது? மஞ்சமூக்கனுக்கும் இளகிவிட்டது.

தான்றி மரத் தோப்பு. அப்பாடா, என்ன அமைதி! எத்தனையோ மரங்கள், எத்தனையோ பொந்துகள். ஆனால் எட்டிப் பார்க்க ஒரு தலை இல்லை.

"அக்கம்பக்கத்துல யாரையுமே காணோமே?" என்றாள் குறிஞ்சாள்.

"எல்லாம் டீசண்டான குடும்பம்மா! யாரும் யார் விஷயத்துலயும் தலையிட மாட்டாங்க."

குறிஞ்சாள் பொந்துக்குள் நுழைந்து பார்த்தாள். விசாலமான பொந்து. அடியில் சுள்ளியும் சருகும் மெத்தை மாதிரி கிடந்தது. ஆனால் அந்த மெத்தைக்கு அடியிலிருந்து சில்லென்று காற்று வந்தது.

"ஏங்க, கீழேயிருந்து காத்து வருதே?"

"காத்தோட்டம்மா, காத்தோட்டம்!" என்று குதித்தான் வாலாயுதம். "இந்த வட்டாரத்துல இப்படி ஒரு காத்தோட்டமான பொந்தைக் காட்டச் சொல்லுங்க, நான் தொழிலையே விட்டுடறேன்!"

"ரெண்டு நாள் பார்த்துட்டுச் சொல்றோமே..."

"தாராளமா! ஆனா நாளைக்கு ஒரு ஆந்தைக் குடும்பம் பார்க்க வருது. அவங்க முந்திக்கிட்டா என்னைக் குறை சொல்லக் கூடாது!"

மஞ்சமூக்கன் குறுக்கே பாய்ந்தான். "வேண்டாம், வேண்டாம்! நாங்களே எடுத்துக்கறோம்!" என்றான். அவசரக்காரன்! மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருக்கலாம். வேர் பக்கம் குனிந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லையே!

குறிஞ்சாள் உள்ளே போனாள். வாசல் அடைபட்டது. மண் காய்ந்து கல்லாக இறுகியது. இறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பிறகு இரண்டு வெள்ளை முட்டைகள் வந்தன.

அன்றைக்கே வாலாயுதம் மரத்தின் வேர் பக்கம் போனான். அங்கே சருகுக் குவியலுக்குப் பின்னால் ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைக்குள் நுழைந்து மரத்தின் வயிற்றுக்குள்ளேயே ஏறினால், நேராகக் குறிஞ்சாளின் மெத்தைக்கு அடியில் போய் நிற்கலாம். ஓட்டைக்குள் ஒரு உடும்பு படுத்திருந்தது. தோப்பு ஏன் அவ்வளவு அமைதி என்று இப்போது தெரிகிறதா? பேசுகிற வாயையெல்லாம் அது ஏற்கெனவே தின்றுவிட்டது.

"முட்டை போட்டாச்சு. முன்வாசல் கல்லு மாதிரி இறுகிப்போச்சு. அவளால பறக்கவும் முடியாது," என்று கிசுகிசுத்தான் வாலாயுதம். "புருஷன் வேலைக்குப் போனதும் ஏறு. தாய் உனக்கு. முட்டையில ஒண்ணு எனக்கு!"

மறுநாள் காலை மஞ்சமூக்கன் பழம் ஊட்டிவிட்டுச் சொன்னான்: "அந்த மந்தி இந்தப் பக்கம் சுத்திக்கிட்டு இருக்கா. பேச்சு குடுக்காதே. குடுத்தா விடமாட்டா!" சொல்லிவிட்டு வேலைக்குப் பறந்தான்.

அவன் தலை மறைந்ததும் சடைச்சி வந்துவிட்டாள்.

"ஏம்மா! உள்ள இருக்கியா? முட்டை போட்டாச்சா? இந்தத் தோப்பு வேணாம்னு சொல்றதுக்குள்ள பறந்துட்டீங்களே! அந்த வாலாட்டி கூட்டிட்டு வந்த பொந்தா இது? ஏம்மா, வாயைத் திறக்க மாட்டியா?"

குறிஞ்சாள் மூச்சுக்கூட விடவில்லை. சடைச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "அடேங்கப்பா, என்ன ராங்கி! நமக்கென்ன வந்தது?" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

தோப்பு மறுபடியும் அமைதியானது.

சர்... சர்...

குறிஞ்சாள் காதைத் தீட்டினாள். சத்தம் வெளியே இல்லை. கீழே கேட்டது. மரத்துக்குள்ளேயே ஏதோ பிறாண்டிப் பிறாண்டி ஏறியது. காற்று நின்றுபோனது. யாரோ அந்தக் காற்றின் வழியை அடைத்துக்கொண்டு வருகிறார்கள்!

சருகு மெத்தை ஒரு ஓரமாக மேலெழும்பியது. இடுக்கில் நீளமாக ஒரு நாக்கு வந்தது. பிளந்த நாக்கு. முட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

குறிஞ்சாள் துள்ளி எழுந்தாள். வாசலை முட்டினாள். மண் அசையவில்லை. யாரைக் கூப்பிடுவது? புருஷன் எங்கோ சரிவில் இருக்கிறான். இப்போதுதான் முகத்தில் அடித்த மாதிரி அனுப்பினவளைக் கூப்பிட எந்த வாய் வரும்? ஆனால் முட்டைகளைப் பார்த்தாள். மானம், ரோஷம் எல்லாம் பறந்தது. கீறலில் மூக்கை வைத்துக் கத்தினாள்.

"அக்கா! சடைச்சி அக்கா! உள்ள உடும்பு! என் பிள்ளைங்க, அக்கா!"

சடைச்சி தோப்பு முனையில்தான் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். குரல் கேட்டதும் கோபம் எங்கே போனதோ! "ஹூ! ஹூ! ஹூ!" என்று காடே அதிரக் கூவினாள். மந்திகள், அணில்கள், மைனாக்கள் என்று அத்திமரத் தெரு முழுவதும் திமுதிமுவென்று ஓடிவந்தது.

"வேர் பக்கம் ஓட்டை!" என்று அணில்கள் கீச்சிட்டன. சடைச்சி ஓட்டைக்குள் புகுந்து, தாவி உடும்பின் வாலைப் பிடித்தாள். அவள் இடுப்பை ஒரு மந்தி பிடித்தது. அதன் இடுப்பை இன்னொன்று பிடித்தது. "இழு! இழு!"

உடும்பு அசையவில்லை. மரத்தை நகத்தால் கவ்விக்கொண்டது. உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்? அத்தனை பேர் இழுத்தும் அது அங்குலம் அங்குலமாக மேலேதான் ஏறியது.

"தாயி!" என்று கீழேயிருந்து கத்தினாள் சடைச்சி. "எங்களால மட்டும் ஆகாது! அதோட காலைக் கொத்து!"

குறிஞ்சாள் முட்டைகளைச் சுவரோரம் ஒதுக்கினாள். மெத்தையைக் கிழித்துப் பெரிய மூக்கைக் கீழே விட்டாள். உடும்பு சீறி அவள் கன்னத்தைக் கடித்தது. ரத்தம் வழிந்தது. அவள் மூக்கை எடுக்கவே இல்லை. ஒரு விரலைக் கொத்தினாள். அடுத்த விரலைக் கொத்தினாள். "என் பிள்ளையையா தடவிப் பார்த்தே? என் பிள்ளையையா?"

ஒரு கால் நழுவியது. "இழு!" மறுகாலும் நழுவியது. தடதடவென்று உடும்பும் மந்திகளும் ஒரே மூட்டையாக வேர் பக்கம் வந்து விழுந்தார்கள். உடும்பு எழுந்தது. சுற்றிலும் பார்த்தது. எத்தனை பல், எத்தனை வாய்! ஆற்றைத் தாண்டி ஓடியது ஓடியதுதான்.

எதிர்க் கிளையில் தன் பங்கு முட்டைக்காகக் காத்திருந்த வாலாயுதத்தை மைனாக்கள் சூழ்ந்துகொண்டன. அவன் தப்பித்துவிட்டான். ஆனால் வாலில் பாதியை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

மஞ்சமூக்கன் வாயில் பழத்தோடு வந்து சேர்ந்தான். மனைவியின் கன்னத்தில் ரத்தத்தைப் பார்த்ததும் பழம் கீழே விழுந்தது. "நான்தானே இங்கே கூட்டிட்டு வந்தேன்..." என்று அழுதான்.

"அழுகையெல்லாம் அப்புறம்!" என்று அதட்டினாள் சடைச்சி. "கல்லும் களிமண்ணும் கொண்டா! முதல்ல அந்த ஓட்டையை அடை!"

ஓட்டையை அடைத்தார்கள். ஆனால் குறிஞ்சாளால் வீடு மாற முடியாதே, என்ன செய்வது? அதனால் தெருவே வீடு மாறி வந்தது! காலியாகக் கிடந்த பொந்துகளில் அணில்களும் மைனாக்களும் குடியேறின. தான்றித் தோப்பில் அன்றிலிருந்து ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் முட்டைகள் இரண்டும் பொரிந்தன.

கொஞ்ச நாள் கழித்து, வெளிக் காட்டிலிருந்து ஒரு மலையணில் ஜோடி அந்தத் தோப்புக்கு வீடு பார்க்க வந்தது. சடைச்சி வாயைத் திறப்பதற்கு முன்னால், குறிஞ்சாளின் பொந்திலிருந்து ஒரு பெரிய மூக்கு நீண்டது.

"வாங்க, வாங்க! எந்தக் காடு? பிள்ளை எத்தனை? யார் அனுப்பினாங்க? வேர் பக்கம் குனிஞ்சு பார்த்தீங்களா?"

புது ஊரில் வீடு எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், கூப்பிட்டால் ஓடிவர அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.