சுழலில் விட்ட புங்கங்காய்

ஒரு காட்டில், ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடும் இடத்தில் ஒரு மணல்திட்டு இருந்தது. அங்கே ஒரு நீர்நாய் வாழ்ந்தது. காய்ந்த புங்கங்காய்களை ஆற்றில் விட்டு, எது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதுதான் அதற்கு நாள் முழுக்க வேலை.

அதே திட்டில் இருந்த கரடிக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.

"ஏழு கழுதை வயதாகிறது! இன்னும் என்ன விளையாட்டு?" என்று அதட்டும்.

நீர்நாய் காதில் வாங்காது. ஆற்று நடுவில் இருந்த கறுப்புப் பாறையில் மோதும் காய் மட்டும் ஏன் வட்டமடித்து அக்கரைக்குப் போகிறது? அதற்கு அந்த யோசனைதான்.

ஒருநாள் மலையில் பேய்மழை. ஆறு பொங்கித் திட்டைச் சூழ்ந்தது. ஆறு போய் விழும் அருவி சற்றுக் கீழே இரைந்தது. திட்டில் குடியிருந்த முயல் தன் குட்டிகளை அணைத்துக்கொண்டு நடுங்கியது, பாவம். நீர்நாய் மட்டும் எப்படியாவது நீந்தித் தப்பியிருக்கும். ஆனால் அந்தக் குட்டிகளை விட்டுப் போக அதற்கு மனம் வரவில்லை.

திட்டில் இரண்டு மரக்கட்டைகள் கிடந்தன. கரடி ஒன்றை அக்கரையை நோக்கி நேராகத் தள்ளியது. ஏறுவதற்குள் வெள்ளம் அதைப் பிடுங்கிக்கொண்டு போய் அருவியில் போட்டது. கட்டை நொறுங்கும் சத்தம் கேட்டது.

"இன்னும் பலமாகத் தள்ளியிருக்க வேண்டும்" என்று கரடி அடுத்த கட்டையைப் பிடித்தது.

"பொறுங்கள் அண்ணா! இருப்பது இது ஒன்றுதான்!" நீர்நாய் புங்கங்காய்களோடு ஓடிவந்தது.

"இந்த நேரத்திலுமா விளையாட்டு!"

நீர்நாய் ஒரு காயை விட்டது. அது நேரே அருவிக்குப் போனது. சற்று மேலே போய் இன்னொன்றை விட்டது. அதுவும் அருவிக்கே போனது. வெள்ளம் முயலின் காலைத் தொட்டது.

"தம்பி, என் பிள்ளைகள்..." என்று முயல் கெஞ்சியது.

நீர்நாய் கண்களை இறுக மூடிக்கொண்டது. பாறை வெள்ளத்தில் மூழ்கிவிட்டாலும் அதன் மனக்கண்ணில் அப்படியே நின்றது. தண்ணீர் அதில் மோதிச் சுழன்று அக்கரைப் பக்கம் திரும்புவதும் தெரிந்தது. இன்று ஆற்றுக்கு வேகம் அதிகம். அப்படியானால் காயை இன்னும் மேலே இருந்தல்லவா விட வேண்டும்!

திட்டின் மேல்முனைக்கு ஓடிக் கடைசிக் காயை விட்டது. காய் பாய்ந்தது. நடு ஆற்றில் ஒரு வட்டம் போட்டது. பிறகு அக்கரை நாணலில் போய்ச் செருகிக்கொண்டது.

"கட்டையை இங்கே கொண்டுவாருங்கள்!"

"அங்கே சுழல் இருக்கிறதே! செத்தோம்!" என்று கரடி அலறியது.

"அந்தச் சுழலை நம்பித்தான் போகிறோம். ஏறுங்கள்!"

வேறு வழியின்றிக் கரடி கட்டையைத் தூக்கிவந்தது. எல்லோரும் ஏறினார்கள். கட்டை பாய்ந்தது. அருவியின் இரைச்சல் காதை அடைத்தது. சுழல் கட்டையைப் பிடித்துத் திருப்பியதும் கரடி குதிக்கப் பார்த்தது.

"அசையாதீர்கள்!" என்று நீர்நாய் கத்தியது.

கட்டை ஒரு வட்டம் போட்டது. காய் போன வழியிலேயே போய் நாணலில் முட்டி நின்றது. முயல் ஒவ்வொரு குட்டியாக நக்கிப் பார்த்து அழுதது.

கரடி உடம்பை உதறிக்கொண்டது. பிறகு நாணலில் சிக்கியிருந்த புங்கங்காயை மெல்ல எடுத்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஆற்றில் விட்டது.

"அண்ணா, ஏழு கழுதை வயதாகிறதே!" என்றது நீர்நாய்.

"சும்மா இரு. எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறேன்" என்றது கரடி.

நீதி: விளையாட்டில் கண்டதை மனத்தில் படமாக வைத்திருப்பவரே, ஆபத்தில் புதிய வழியைக் காண்பார்.