சுமையோடு அளந்த வழி

கருவேலங்காட்டு ஓரத்தில் புதிதாக ஒரு கூட்ஸ் ஷெட் வந்தது. வாரம் ஒரு சரக்கு ரயில் அங்கே நின்று மூட்டை இறக்கும். சிந்துகிற மக்காச்சோளத்தைக் காட்டு விலங்குகள் பொறுக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் அந்தக் காடு முழுக்கத் தண்ணீர், ரயிலும் வராது. எல்லாரும் குட்டிகளோடு மேட்டில் இருக்கும் குகைக்கு ஏறிவிடுவார்கள். அதற்குள் மேட்டுக் குகைக்குச் சோளம் போய்ச் சேர்ந்தால்தான் குட்டிகள் பிழைக்கும். மழைக்கு முன் இன்னும் இரண்டே ரயில்கள்தான் வரும்.

பெருச்சாளி திட்டம் போட்டது. ஷெட்டை ஒட்டிச் சோளம் காயவைக்கும் களம், உடைக்கும் பட்டறை, கிடங்கு எல்லாம் வரும் என்றது. உடனே எல்லாரும் இடம்பிடிக்க முண்டியடித்தார்கள். ஆளுக்கொரு வளை தோண்டி மண்சுவர் எழுப்பியதில் மேட்டுக்குப் போக ஒரு குறுகிய சந்துதான் மிஞ்சியது.

அந்தக் காட்டில் வழியை அளக்க ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நடந்து காட்ட வேண்டும். உடம்பு உரசாவிட்டால் வழி சரி. பெருச்சாளி வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தது. எங்கும் உரசவில்லை.

"சுமையோட நடங்கண்ணே. எதிரே ஒருத்தர் சுமையோட வரட்டும்," என்றது முள்ளம்பன்றி.

"உன் முள்ளுக்கு அளந்தா காடு பூரா ரோடுதான் போடணும்," என்றது பெருச்சாளி. எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கக் கூலியா கொடுக்க வேண்டும்?

ரயில் வந்தது. முயல்கள் இலைப் பொட்டலங்களில் சோளத்தைக் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் புறப்பட்டன. முதல் நடை முடித்த கீரிகள் எதிரே இறங்கி வந்தன. நடுச்சந்தில் முட்டிக்கொண்டார்கள். பின்னால் நின்றவர்கள் தள்ள, யாராலும் நகர முடியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பருவத்துக்கு முன்பே ஒரு மழை பெய்தது. அத்தனை சோளமும் ஊறிப் பாழானது.

மறுநாள் கூட்டம் போட்டார்கள். வழியை அகலமாக்க எல்லாருக்கும் சம்மதம். யார் வளையை இடிப்பது என்று கேட்டதும் ஒவ்வொருவரும் அடுத்தவர் வாசலைக் காட்டினார்கள்.

முள்ளம்பன்றி எழுந்து போனது. சந்தின் முனையில் இருந்த தன் வளையிலிருந்து குட்டிகளை வெளியே கொண்டுவந்து விட்டது. பிறகு சுவரை இடிக்கத் தொடங்கியது.

"இனிமே எங்க இருப்பீங்க அக்கா?" என்றது முயல்.

"தள்ளிப் போய் இருப்பேன். குட்டிங்க வாய்க்குச் சோளம் போகலைன்னா, ஷெட்டுப் பக்கத்துல இருந்து என்ன செய்ய?"

பெருச்சாளி எழுந்து வந்தது. அப்புறம் சந்தை ஒட்டிக் கட்டியிருந்த தன் கிடங்கின் முன்சுவரில் பல்லை வைத்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் மண்ணைப் பறித்தார்கள். நாலு நாள் யாரும் ஓயவில்லை. ஐந்தாம் நாள் முள்ளம்பன்றியும் பெருச்சாளியும் முழுச் சுமையோடு எதிரெதிரே நடந்து பார்த்தார்கள். இருவரும் உரசாமல் கடந்து போனார்கள்.

கடைசி ரயிலின் சோளம் பொழுது சாய்வதற்குள் குகைக்கு ஏறிவிட்டது. மறுநாள் பிடித்த மழை ஒரு மாதம் விடவில்லை. குகையில் ஒரு குட்டிகூடப் பசியால் அழவில்லை.

பொதுவழிக்காகத் தன் சுவரை முதலில் இடிப்பவர் சொல்லுக்கே ஊர் கட்டுப்படும்.