நூற்றில் ஒரு சுருள்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு என்று நான் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், அரசருக்கு வசந்த மண்டபம் கட்டும் ஆசை வந்தது. அரசருக்கு வந்த ஆசையாயிற்றே! நாட்டிலுள்ள மண்வெட்டியெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஏரிக்கரையில் கசிகிற இடத்தை அடைக்க ஓர் ஆள் மிச்சமில்லை. ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொண்டது.

கரைக்குக் கீழே பள்ளத்தெரு. முந்நூறு வீடு. பாத்திரம் உருண்டால்கூடக் கரை போய்விட்டதென்று அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

விகடகவி சுக்காண்டி இதைச் சபையில் சொன்னான். அமைச்சர் மருதவாணருக்கு மூக்கு விடைத்தது. மண்டபம் அவருடைய யோசனை, வீடு மேட்டுத்தெருவில்.

“மன்னா! நூறு மழை பெய்தால் ஒரு மழையில் கரை உடையலாம். நூற்றில் ஒரு பங்கு ஆபத்து. அதைக்கூடவா குடிகள் பொறுக்கமாட்டார்கள்? இவன் வீண் பீதி கிளப்புகிறான். அந்த ஒரு பங்கை நாளை சபையில் கண்ணால் காட்டட்டும். இல்லையேல் இவன் தலையை வாங்குங்கள்.”

அரசருக்கு வேடிக்கையாகப் பட்டது. “அப்படியே ஆகட்டும்” என்றார்.

“அந்த வாயைத் திறந்தா முத்தா உதிருது? கொஞ்சம் மூடி வெச்சிருக்கக் கூடாதா?” என்று சுக்காண்டியின் மனைவி அழுதாள். அவன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் தட்டு நிறைய வெற்றிலைச் சுருள்.

“மன்னா, நூறு சுருள். ஒன்றில் மட்டும் ஆபத்து இருக்கிறது. கேட்டபடி நூற்றில் ஒரு பங்கு. தங்கள் திருக்கையால் வழங்குங்கள்.”

அந்த நாட்டில் அரசர் கொடுக்கும் தாம்பூலத்தை மறுத்தால் ராஜதுரோகம். அரசர் ஒரு சுருளை எடுத்து அமைச்சரிடம் நீட்டினார்.

“மன்னா... அடியேனுக்குப் பல்வலி.”

தளபதிக்குத் திடீரென்று விரதம்.

“நூற்றில் ஒன்றுதானே ஐயா? தொண்ணூற்றொன்பது நல்ல சுருள்” என்றான் சுக்காண்டி.

“அடப்பாவி, விஷம் வெச்சது எதுடா?” அமைச்சருக்குச் சபைத்தமிழ் மறந்துபோயிற்று.

“கலக்கிவிட்டேன், எனக்கும் தெரியாது. எந்த மழை என்று தெரிந்தால் கரையைப் பற்றி நானும் கவலைப்படமாட்டேனே!”

வெளியே மழை வலுத்தது. அரசர் தாமே மென்று வீரம் காட்டலாமென்று சுருளை உதடுவரை கொண்டுபோனார். அதற்குமேல் கை போகவில்லை.

“பள்ளத்தெருவாரிடம் இப்படித் தட்டை நீட்டிக் கேட்டோமா?”

“இல்லை மன்னா. நேரே வாயில் திணித்தோம்” என்றான் சுக்காண்டி.

அரசரின் முகம் வெளுத்தது. “மண்வெட்டியெல்லாம் இப்போதே கரைக்குப் போகட்டும்! வேலை முடியும்வரை அமைச்சருக்குப் பள்ளத்தெருவில்தான் ஜாகை. இந்தத் தட்டைக் கொளுத்துங்கள்!”

“நல்ல வெற்றிலை, வீணாக்குவானேன்?” என்று சுக்காண்டி மெல்லத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று... சபை அலறியது.

“விஷம் என்றவர் அமைச்சர். நான் ஆபத்து என்றுதானே—”

ஏழாவது சுருளில் துள்ளிக் குதித்தான். அதில் மட்டும் அரைக் கரண்டி சுண்ணாம்பு! நாக்கு வெந்துவிட்டது.

அரசர் கிரீடம் நழுவச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார்.

“ஆ... வா... ழா...” என்றான் சுக்காண்டி.

எழுத்தர் ஓலையும் கையுமாக விழித்தார். “நன்றி என்று எழுதிக்கொள்” என்றார் அரசர்.