புகைந்த சக்கரம்

தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கருங்கல் ஏற்றிப் போகும் டிரெய்லர் அது. ஓட்டியவர் பெரியாண்டவர். வயது ஐம்பத்தொன்று. இருபது வருஷம் லாரி ஓட்டியவர், டிரெய்லருக்குப் புதுசு. பக்கத்தில் உட்கார்ந்து பழக்கியவன் ஸ்டெல்வின். வயது முப்பத்தாறு. ஆனாலும் பெரியாண்டவருக்கு அவன் ஆசான். அப்படித்தான் கூப்பிடுவார்.

தர்மபுரியில் டீ குடிக்கும்போது பெரியாண்டவரின் அக்கா செல்லக்கனி போன் செய்தாள். பேசியது அவள் மட்டும்தான். பக்கத்து மேஜைக்கும் கேட்டது.

வண்டி கிளம்பியதும் பெரியாண்டவர் வாயைத் திறந்தார்.

"படுத்த படுக்கையா கிடக்குற அம்மாவை அவதான் பாக்குதா. இல்லைங்கல. ஆனா பேச்செல்லாம் நெருப்பு. அம்மா முன்னாலயே எங்களை ஏசுதா. அண்ணன் தம்பி மூணு பேரும் பேசிட்டோம். அம்மாவை முதியோர் ஹோம்ல விட்டுரலாம்னு. நான் ஒரு வார்த்தை சொன்னா ஹோம்காரங்க சாயந்திரமே வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. சொல்லிரவா ஆசானே?"

ஸ்டெல்வின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓரங்கட்டுங்க அண்ணாச்சி. பின்னால புகையுது."

டிரெய்லரில் இடது பக்கம், நடுச் சக்கரம். கருகல் நாற்றம் மூக்கில் ஏறியது. பெரியாண்டவர் ஸ்பேனரோடு குனிந்தார்.

"என்ன செய்யப் போறீங்க?"

"பிரேக்கு விடாம ஒட்டிப் பிடிக்குது. தளர்த்தி விட்டா புகையாது."

"புகையாதுதான். தொப்பூர் இறக்கத்துல முப்பது டன் கல்லு நம்மளைத் தள்ளிட்டுப் போயிரும். ஏறி உருட்டுங்க."

நடை வேகத்தில் உருட்டினார். ஸ்டெல்வின் கூடவே நடந்தான். அந்தச் சக்கரம் எங்கும் ஒட்டவில்லை. லேசாகத்தான் சுற்றியது.

"இப்போ டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிங்க."

பிடித்தார். நிற்கவில்லை. டிரெய்லர் பின்னாலிருந்து முட்டித் தள்ளியது. ஒரு பனை நீளம் போய்த்தான் நின்றது.

"மத்த அஞ்சு சக்கரத்தையும் தொட்டுப் பாருங்க. புறங்கையால."

தொட்டார். இரண்டு வெதுவெதுப்பு. மூன்று சில்லென்றிருந்தன, கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி.

மூன்றாவதிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை.

"இந்த மூணும் பிடிக்கவே இல்லையா?"

"எத்தனை நாளாச்சோ. இதுங்க பங்கையும் சேத்து அந்த நடுச் சக்கரமே பிடிச்சிருக்கு. சத்தம் கிடையாது, புகை கிடையாது. யாரு கவனிப்பா?"

சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, பெரியாண்டவரே வண்டிக்கடியில் படுத்து மூன்று பிரேக்கையும் இறுக்கினார். ஸ்டெல்வின் ஸ்பேனரைக் கேட்டும் கொடுக்கவில்லை. மறுபடி உருட்டிப் பிடித்தார். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தது போல வண்டி நின்றது.

போன் அடித்தது. ஹோம்காரர்கள். பெயரைப் பார்த்தார். எடுக்கவில்லை.

நடுச் சக்கரத்தில் இன்னும் மெல்லிசாகப் புகை.

"அப்போ இதுக்கு என்ன செய்ய ஆசானே?"

ஸ்டெல்வின் உருவி வைத்திருந்த கட்டையை எடுத்து உள்ளே போட்டான்.

"அதை ஒண்ணும் செய்ய வேண்டாம் அண்ணாச்சி. மத்தது பிடிச்சா, அது தானா ஆறிரும்."