காத்திரு என்ற வரி

ஒரு மரப்பட்டறையில், கணினியில் எழுதிய கட்டளை வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் கதவில் பூவேலை செதுக்கும் ரவுட்டர் மெஷின் இருந்தது. அதில் மாட்டும் கட்டர் பென்சில் தடிமன்கூட இருக்காது. ஒரு தேக்குக் கதவில் இரண்டு கட்டர்கள் முறிந்திருந்தன. இரண்டும் முதல் பூவிலேயே. மூன்றாவதுதான் கையிருப்பில் கடைசி. கதவு மறுநாள் போக வேண்டும்.

பட்டறை சவரிமுத்துவுடையது. மெஷினை ஓட்டுபவள் அவர் மனைவி பிலோமினா. மரம் சரியில்லை என்றார் அவர். பிறகு கட்டர் விற்ற கடைக்காரனைத் திட்டினார்.

கோளாறு கட்டளைகளின் தொடக்கத்தில் இருந்தது. சுழல், இறங்கு. மெஷினோடு வந்த தொடக்கம் அவ்வளவுதான். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் வேகம் பிடிக்கும் முன்பே கட்டர் மரத்துக்குள் போய்விடும். பிலோமினா அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் ஒன்றை நுழைத்தாள்: காத்திரு, 5.

பின்னால் நின்ற நாற்பதாயிரம் வெட்டு வரிகளுக்கும் அது பிடிக்கவில்லை.

"நீ என்ன வெட்டுவே?"

"ஒண்ணும் வெட்டமாட்டேன்."

"எந்தப் பக்கம் நகருவே?"

"நின்ன இடத்துலேயே நிப்பேன்."

"அதுக்கு முன்வரிசை வேறயா?"

தேக்கில் வைக்கும் முன், ஒரு கழிவுக் கட்டையில் ஓட்டிப் பார்த்தாள். காத்திரு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கட்டர் கிறீச்சிட்டு இறங்கியது. கட்டை கருகிப் புகைந்தது. பிலோமினா சிவப்புப் பொத்தானை அறைந்தாள். கட்டர் நூலிழையில் பிழைத்தது.

"நிக்கிறேன்னுட்டு எங்கே ஓடினே?" என்றது கட்டர். அதற்கு உயிர் போய் வந்திருந்தது.

"அஞ்சுன்னு எழுதினாங்க. அஞ்சு நின்னேன். இங்கே ஒரு நொடியை ஆயிரமா நறுக்கி வச்சிருக்காங்க. அதுல அஞ்சு."

இது பிலோமினா காதில் விழ வழியில்லை. அவள் மெஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டினாள். அதிலும் அப்படித்தான் போட்டிருந்தது. ஐந்தை அழித்து ஐயாயிரம் என்று அடித்தாள்.

சவரிமுத்து எட்டிப் பார்த்தார். "ஐயாயிரமா? நாளைக்குக் காலையிலதான் இறங்கும்போல."

"அஞ்சே நொடிங்க. வாயை மூடிட்டு எண்ணுங்க."

எண்ணினார். கதவு மேசையில் கிடந்தது. ஸ்பிண்டில் முதலில் உறுமியது. மூன்றில் இரைந்தது. ஐந்தில் ஒரே சீரான ரீங்காரம். அதன் பிறகுதான் கட்டர் இறங்கியது. கருகல் வாடை இல்லை. மரம் வெளிர்த்தூளாகப் பறந்தது.

சவரிமுத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இனி எல்லா வேலைக்கும் இதுவே தொடக்கமாக இருக்கட்டும் என்றார். அதை அவள் ஏற்கெனவே சேமித்திருந்தாள். டீ போடச் சொன்னாள். போட்டார்.

சாயங்காலம் கடைசிப் பூவின் கடைசி இதழுக்குக் கட்டர் முழுசாக வந்து சேர்ந்தது.

நாற்பதாயிரமாவது வரிக்கு அன்றுதான் முதன்முதலாக முறை வந்தது.