சேந்தி அழித்த படம்

பெரியவர்களே, பிள்ளைகளே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காடுகளுக்கு எல்லைக்கல் நடாத காலம் அது. பேராற்றுக்கு அந்தப் பக்கம், மலைகளுக்கு நடுவே ஒரு சிற்றூரில் சேந்தி என்றொரு பெண் தன் தங்கை அல்லியோடு வாழ்ந்து வந்தாள்.

சேந்தி படம் வரைகிறவள். செம்மண், மஞ்சள், கரி, அவுரி நீலம், வெள்ளைச் சுண்ணம் எல்லாவற்றையும் தனித்தனியே பிசினில் குழைத்து, விரல் நீளத்துக்கு உருட்டி, நிழலில் காயவைப்பாள். அந்த வண்ணக்கட்டிகளால் உள்ளங்கை அளவுப் பலகைகளில் வரைவாள். தினைப்புனத்தில் இறங்கும் கிளிகள், சேற்றில் புரளும் எருமை, மழை வருமுன் கறுக்கும் மலை. கட்டியால் தீற்றிவிட்டு விரல் நுனியால் மெல்லத் தேய்த்தால், பனி படர்ந்தாற்போல் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

பேராற்றுக்கு இந்தக் கரையில் கூடும் சந்தைக்கு வந்த உப்பு வணிகன் ஒருவன் அந்தப் படங்களில் ஒன்றை வாங்கிப்போய்ச் செங்கோடன் என்ற அரசனிடம் கொடுத்தான். அரசன் அதை விளக்கருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அந்தச் சந்தைக்கே பல்லக்கு அனுப்பிச் சேந்தியை அழைத்துவரச் சொன்னான்.

ஒரு மழைக்காலம் இருந்துவிட்டு வருகிறேன் என்று, சந்தைக்குக் கூட வந்திருந்த தங்கையிடம் சொல்லிக் கிளம்பினாள் சேந்தி. மழைக்காலம் போயிற்று. கோடையும் போயிற்று. விடைகேட்டு நின்றபோதெல்லாம் அரசன் சிரித்துக்கொண்டே, "இன்னும் ஒரு படம், பெண்ணே" என்பான். அரண்மனையில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கல் பாவிய முற்றத்தில் மழை பெய்தால் மண் மணக்கவில்லை. மழை பெய்யும்போதெல்லாம் அவள் ஊர்த்திசையைப் பார்த்து நிற்பாள்.

ஏக்கம் தாளாமல் நாரைகளை வரைந்தாள். ஆற்றோரத்து மருதமரம், கிளைகள் கொள்ளாத கூடுகள். அரசன் பார்த்தான். அடுத்த மாதம் நூறு நாரைகள் கூண்டுகளில் வந்து இறங்கின. "உன் மரத்தை என் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்றான் பெருமையோடு.

மீண்டும் ஏக்கம் தாளாமல் மான்களை வரைந்தாள். பிளந்த பாறை, பாறையடியில் புல்வெளி, அதில் மேயும் மந்தை. அரசன் பார்த்தான். அடுத்த மாதம் அரண்மனைத் தரையெல்லாம் மான்தோல் விரித்திருந்தது. அதன்மேல் கால் வைக்க முடியாமல் சேந்தி வாசலிலேயே நின்றாள்.

மூன்றாவதாக அரசனே கேட்டான். "உங்கள் மலைக்குள் ஒரு சுனை இருக்கிறதாம். யானைக்கூட்டம் அங்கேதான் தண்ணீர் குடிக்குமாம். என் படைக்கு யானை வேண்டும். எந்த மலைக்கு எந்தப் பக்கம் என்று தெரியும்படி வரைந்து கொடு. கொடுத்த அன்றே நீ ஊருக்குப் போகலாம்."

அந்தச் சுனையின் கரையில்தான் அவள் ஊர் இருந்தது. வெளியாட்கள் யாருக்கும் வழி தெரியாது.

சேந்தி பலகையை மடியில் வைத்தாள். வரையக்கூடாது என்றுதான் நினைத்தாள். கை கேட்கவில்லை. மூன்று மலைகள் எழுந்தன. அவற்றின் நடுவே கரும்பச்சை நீர். நீரில் முழங்கால் வரை இறங்கிய தாய் யானை, அதன் வயிற்றுக்கடியில் குட்டி. கரையில் குடத்தோடு ஒரு பெண். அல்லியேதான். இதைக் கொடுத்தால் நாளைக்கே அவளிடம் போய்விடலாம்.

பகல் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் சாயும் வேளையில், உள்ளங்கையை வைத்து ஒரே இழுப்பாகத் தேய்த்தாள். மலையும் யானையும் தங்கையும் சாம்பல் நிறப் புழுதியாயின.

"மறந்துவிட்டது, அரசே" என்று போய் நின்றாள்.

அரசன் அவளுடைய கறைபடிந்த கையைப் பார்த்தான். கோபிக்கவில்லை. "மறந்த கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஊருக்குப் போய்விடு" என்றான்.

இவ்வளவு எளிதாக விட்டுவிட்டானே என்பதுதான் அவளுக்கு உறுத்தியது. முதல் சத்திரத்தில் மூன்று பேரைப் பார்த்தாள். இரண்டாம் சத்திரத்திலும் அதே மூன்று பேர். மூன்றாம் சத்திரத்திலும் அவர்களேதான், தேன் விற்கிறவர்களாக வேடம் மாற்றிக்கொண்டு. சேந்திக்குப் புரிந்துவிட்டது. படம் சொல்லாத வழியை அவள் கால்கள் சொல்லவேண்டும் என்று காத்திருந்தான் அரசன்.

பேராற்றங்கரை வந்தது. முழங்காலளவு தண்ணீர். அக்கரையில் அவள் மலைகள் நீலமாய் நின்றன. காற்றில் இலுப்பைப்பூ வாசனை வந்தது. சேந்தி ஆற்றில் கால் வைக்கவில்லை. இக்கரையிலேயே மீனவர் குடியிருப்பை ஒட்டி ஒரு குடிசை போட்டுக்கொண்டு, வலை பின்னிப் பிழைக்கத் தொடங்கினாள்.

ஒரு மழைக்காலம் போனது. பின்தொடர்ந்து வந்து அங்கேயே தங்கிய மூவரில் ஒருவன் அலுத்துப்போய்த் திரும்பினான். இன்னொரு மழைக்காலம் போனது. காய்ச்சல் கண்டு மற்றொருவன் திரும்பினான். மூன்றாமவன் மழவன் மட்டும் இருந்தான். தினமும் அவள் மாலையில் கரைக்கு வந்து, இருட்டும்வரை அக்கரையைப் பார்த்து நிற்பதை அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் மழைக்காலத்தில் ஒருநாள் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, எதிரே தெரிகிற மலைகளில்தானே உங்கள் ஊர்?"

"இல்லை."

"பொய் சொல்கிறீர்கள். பார்க்கிற பார்வையிலேயே தெரிகிறதே. ஏன் போகவில்லை?"

"நான் போனால் நீ பின்னால் வருவாய், தம்பி. உன் பின்னால் கயிறும் ஈட்டியும் வரும்."

மழவன் தலைகுனிந்தான். "எனக்கும் ஊர் இருக்கிறது. சேந்தி இறந்துவிட்டாள் என்று அரசனிடம் சொல்லிவிட்டு அங்கே போகிறேன்."

"உன்னை எப்படி நம்புவது?"

"நம்ப வேண்டாம். நான் போனபின் இன்னும் ஒரு மழைக்காலம் இருந்து பாருங்கள். யாரும் வராவிட்டால் போங்கள்."

அப்படியே இருந்தாள். அந்த ஒரு மழைக்காலம் முந்தைய மூன்றைவிட நீளமாய் இருந்தது. யாரும் வரவில்லை. தண்ணீர் வடிந்த அன்று காலையில் சேந்தி ஆற்றில் இறங்கினாள்.

சுனைக்கரையில் அல்லி நீர் மொண்டுகொண்டிருந்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அக்காவின் தோளில் அடித்தாள். "ஒரு மழைக்காலம் என்றுதானே சொல்லிவிட்டுப் போனாய்?" என்று அழுதாள். சேந்தி அவள் கண்ணீரைத் துடைத்தாள். தங்கையை அணைத்தபடி சுனையைப் பார்த்தாள். எதிர்க்கரையில் யானைகள் எவர்க்கும் அஞ்சாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

கேட்டவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றை மெய்யாய் நேசிக்கிறவர், அதைப் பிரிந்து எத்தனை நாள் ஏங்கினாலும், அதை அடைவதற்காக அதையே காட்டிக்கொடுக்க மாட்டார்.